எஸ்கியூலைட்டில் லைக் சார்பை மாற்றியபின் தேடல் காலி. அவசரம்!

சொல்வயல்:
வட்டாரச் சொற்களைத் தொகுத்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். 'கொடி' என்று தேடினால் பாதிச் சொற்கள்தான் வந்தன. சில பதிவுகளில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதுதான் காரணம். இரண்டையும் ஒன்றாக்கி ஒப்பிடும்படி, சொல்லைத் தேடுவடிவத்தோடு ஒப்பிடும் லைக் (LIKE) சார்பை நானே எழுதிப் பதிந்தேன். இப்போது அந்தப் பாதியும் வரவில்லை. நாளை காலை காட்ட வேண்டும்.

எறும்பு:
எந்த மொழியில் எழுதினீர்கள்? எத்தனை அளவுருக்கள்? பிழைச்செய்தி உண்டா? வினவலை அப்படியே போடுங்கள். ஜோசியம் பார்க்க எனக்குத் தெரியாது.

சொல்வயல்:
பைதான். இரண்டு. பிழைச்செய்தி இல்லை.

மூன்றாம்கால்:
சந்தேகமே வேண்டாம், இணைப்புதான் சிக்கல். சார்பு தரவுத்தளக் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாகப் பதிய வேண்டும்.

எறும்பு:
அப்படியென்றால் பழைய லைக்தானே ஓடும், பழைய பாதியாவது வந்திருக்குமே?

மூன்றாம்கால்:
எதற்கும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு முறை இதுதான் நடந்தது.

பழையநிரலர்:
ஆவணத்தைத் திறக்காமலே கேள்வி கேட்கும் பழக்கம் எப்போது ஒழியுமோ. தம்பி, லைக்கில் கை வைத்ததே பிழை. உள்ளிடும்போதே, பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற இயல்பாக்கிய வடிவத்துக்கு மாற்றியிருந்தால் இந்த இழையே தேவையில்லை. லைக்கை மாற்றினால் அட்டவணையின் சுட்டுவரிசையைக் (இண்டெக்ஸ்) கொண்டு தேடலை விரைவாக்கும் வசதியும் போய்விடும்.

மழைத்தாள்:
ஐயா, என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. 'கௌதாரி'யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு 'ள' தட்டியவர்கள் எத்தனை பேர்! கண்ணுக்கு ஒன்றுதான், குறியீடு வேறு. அதை எந்த இயல்பாக்கலும் தொடாது.

பழையநிரலர்:
அது எழுத்துப்பிழை. தரவுத்தளத்தின் பாடு இல்லை.

மழைத்தாள்:
'கொடி'யின் நீளம் கேட்டால் 4 என்கிறது, பிரித்து எழுதியிருந்தால் 5. பள்ளிக் குழந்தை 2 என்று சொல்லும். இதுவும் எழுத்துப்பிழையா?

பழையநிரலர்:
அது குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது, எழுத்தை அல்ல. 'க்ஷ'வை ஒன்றென்பீர்களா இரண்டென்பீர்களா? முதலில் அதை முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

எறும்பு:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். சொல்வயல், 'பின்னால் எதுவும் வரலாம்' என்று காட்டும் சதவீதக் குறி இல்லாமல் முழுச் சொல்லாகத் தேடிப் பாருங்கள்.

சொல்வயல்:
அட, வருகிறது! 'கொடி' என்று மட்டும் கொடுத்தால் இரண்டு வடிவமும் வருகின்றன. பின்னால் சதவீதக் குறி சேர்த்தால் காலி.

எறும்பு:
பிடிபட்டது. உங்கள் சார்பில் முதல் அளவுரு சொல், இரண்டாவது தேடுவடிவம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? எஸ்கியூலைட் தலைகீழாக அனுப்பும். வினவலில் லைக்குக்கு வலப்பக்கம் இருப்பதுதான் முதல் அளவுரு. முழுச் சொல்லில் இரண்டும் ஒன்றே என்பதால் தவறு தெரியவில்லை. சதவீதக் குறியையே ஓர் எழுத்தாகத் தேட எஸ்கேப் (ESCAPE) பயன்படுத்தினால் மூன்று அளவுருக்களுக்கும் தனியாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் அங்கே பழைய லைக்கே ஓடும்.

மூன்றாம்கால்:
இணைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொல்வயல்:
வரிசையை மாற்றினேன். கொடிமரம், கொடிக்கால் எல்லாம் வந்துவிட்டன. நன்றி அண்ணா!

எறும்பு:
மதிப்பே இடாத (NULL) புலங்கள் வந்தால் என்ன செய்கிறீர்கள்? உங்கள் சார்புக்கு அங்கே சரம் வராது, பைதானின் None என்ற வெற்று மதிப்புதான் வரும். இயல்பாக்கப் போனால் பிழை எழும்.

எறும்பு:
சொல்வயல்?

மழைத்தாள்:
'க்ஷ' ஒன்றுதான்.