டி அண்ட் டி புத்தகம் கடையில் நகரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்? (காரைக்குடி)

கல்லுக்கட்டிக் கடைக்காரன் கேட்டது:

எங்களுடையது புத்தகம், ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த கடை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. வியாபாரம் பெரும்பாலும் பள்ளிக்கூட கைடும் நோட்டும்தான். காலேஜ் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஒரு அலமாரி நிறைய டேபிள்டாப் ஆர்பிஜி சரக்கு இறக்கினேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் அது. அதில் பேர்போன டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மூலப் புத்தகங்கள் மூன்று, ஆடுவதற்கான கதைகள் உள்ள சில சாகசப் புத்தகங்கள், கொஞ்சம் பகடை.

அழகப்பா பல்கலைக்கழகப் பக்கமிருந்து கூட்டமாக வருகிறார்கள். எடுத்துப் பார்க்கிறார்கள், ஆசையாகப் பேசுகிறார்கள். வாங்குவது ஐந்து பேரில் ஒருவர். மற்ற நாலு பேரும் அதே புத்தகத்தைக் கொண்டுவந்து என் மிஷினிலேயே ஜெராக்ஸ் போடச் சொல்கிறார்கள். ஒரு பையன் கல்லாப் பக்கத்துக் கண்ணாடி மேல் புத்தகத்தை விரித்து, மந்திரப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தான். "நிழல் விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று என்னிடமே சொல்கிறான்.

ஒரு புத்தகத்தின் அட்டை விலை ஏறக்குறைய 50 டாலர். நம் பணத்தில் நாலாயிரத்துக்கு மேல். நான் டீலரிடம் எடுக்கும் விலைக்கே ஆன்லைனில் கிடைக்கிறது. கைடு என்றால் சீசன் முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், இதை எடுப்பதில்லை. போதாக்குறைக்கு 2014 பதிப்பு கையில் இருக்கும்போதே 2024 பதிப்பு வந்துவிட்டது. அப்பா ஐந்தொகை போட உட்கார்ந்தாலே கண் அந்த அலமாரிக்குத்தான் போகிறது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதா, வேறு வழி உண்டா?

மெட்ராஸ் டிஎம்:

தம்பி, சரக்கின் குணமே அப்படி. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டதிலிருந்து விற்கிறவர்கள் பாடு இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு சோடி தாயக்கட்டை போதும் என்பது மாதிரி, ஒரு மேஜைக்கு ஒரு விதிப்புத்தகம் போதும். தேயாது, தீராது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கடைகள் பலவற்றைத் தாங்குவது 1993ல் வந்த மேஜிக் போன்ற சீட்டாட்டங்கள். அதில் பாக்கெட் பாக்கெட்டாகத் திரும்பத் திரும்ப வாங்கியாக வேண்டும். ஆர்பிஜிக்கு அங்கேயும் ஓர அலமாரிதான்.

புத்தகம் வாங்குகிறவர் கதையை நடத்துகிற டிஎம். மேஜைக்கு அவர் ஒருவர். ஆடுகிற நாலு பேரைப் பார்த்து வயிறு எரிவதை விட்டுவிட்டு, அந்த நாலு பேரில் ஒருவரை அடுத்த டிஎம் ஆக்கப் பாருங்கள். புது மேஜை உருவானால்தான் அடுத்த புத்தகம் போகும். முதல் ஆளுக்கு 384 பக்க ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினால் ஓடிவிடுவார். புதியவர்களுக்கான ஸ்டார்ட்டர் செட் பெட்டி மட்டும் வையுங்கள், மூலப் புத்தகங்களை முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழையுங்கள்.

பகடை விஷயம் வேறு. நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை ஏழு பகடை ஒரு செட். அதை யாரும் இரவல் வாங்க விரும்ப மாட்டார்கள், ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒன்று வாங்கியவர் நிறத்துக்காக இன்னொன்றும் வாங்குவார்.

பழைய பதிப்பு பற்றிக் கவலை வேண்டாம். 2014 சாகசப் புத்தகங்களை 2024 விதிகளோடு ஆடலாம் என்றுதான் வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். மூலப் புத்தகத்தைத் தள்ளுபடியில் விடுங்கள், சாகசங்களில் கை வைக்காதீர்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:

வரி பற்றி யாரும் பேசவில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் வெளிநாட்டுப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி வந்தது, அதுவும் உங்கள் விலையில் ஏறியிருக்கும். லூடோ, கேரம் மாதிரி ஆடுபலகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12லிருந்து 5 ஆகிவிட்டது. புத்தகமும் பகடையும் ஒரே பெட்டியில் வந்தால் எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஜெராக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. முழுப் புத்தகத்தை நகல் எடுத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். ஆடுகிறவர் தன் கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதி வைக்கிற பாத்திரத் தாளை மட்டும் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம் என்று 2014 தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தடிமன் தாளில் போட்டு விற்றுக்கொண்டிருக்காமல், நகல் கூலி மட்டும் வாங்குங்கள்.

பள்ளத்தூர் மீனா:

ஆட இடம் கொடுக்கிறீர்களா? அதைச் சொல்லவே இல்லையே. தலைக்கு அறுபது ரூபாய் வாங்குங்கள், ஒரு தட்டு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சேர்த்து. நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற ஆட்டம், பசிக்காமல் இருக்குமா? புத்தகத்தில் வராத காசு தட்டில் வரும்.

தேவகோட்டை பகடை:

ஆச்சி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊரில் ஒரு கடையில் இப்படிக் கட்டணம் வைத்ததும் பிள்ளைகள் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். முதலில் சும்மா ஆட விடட்டும்.

பள்ளத்தூர் மீனா:

சும்மா விட்டால் சும்மாதான் இருப்பார்கள் தம்பி. அறுபது ரூபாயைப் பகடையில் கழித்துக்கொடுங்கள், யாரும் மாடிக்குப் போக மாட்டார்கள்.

கல்லுக்கட்டிக் கடைக்காரன்:

ஒரு முறை ஆட விட்டேன் ஆச்சி. சாயங்காலம் ஆறு மணி, நோட்டு வாங்க வந்த அம்மாமார்கள் உள்ளே "அவனை வெட்டு" என்று கத்துவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்பா அன்றைக்கே கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். ஞாயிறு மத்தியானம் கடை அடைத்திருக்கும் நேரத்தில் வேண்டுமானால் பார்க்கலாம். பணியாரம் யோசனை பிடித்திருக்கிறது.

பகடையை நேற்று மிட்டாய் ஜாடியில் கொட்டி வைத்தேன். ஒரு பொண்ணு இருபது முகப் பகடையாகப் பொறுக்கி, கண்ணாடி மேல் உருட்டி, இருபது விழுந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்!

மெட்ராஸ் டிஎம்:

அப்படி வாங்கினால்தான் அது அவளுடைய பகடை. ஜாடியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. டி அண்ட் டி வெளியீட்டாளர்கள் 2023 ஜனவரியில், மற்றவர்கள் விதிகளைப் பயன்படுத்த விட்டிருந்த பழைய உரிமத்தை மாற்றப் போய் ஆட்டக்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தை முறைப்படிக் குறிப்பிட்டால் தமிழில் மாற்றி, அச்சிட்டு, விற்கவும் செய்யலாம். டி அண்ட் டி பெயரையும் லோகோவையும் அட்டையில் போட்டுவிடாதீர்கள், அந்த அனுமதி இதில் வராது. பதினாறு பக்கத்தில் தமிழில் ஒரு சாகசம் போடுங்கள். 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய ஒரு மேலாள், பூட்டிக் கிடக்கிற இரண்டாம் கட்டு அறை, கணக்கு ஒத்துவராத ஒரு பேரேடு. கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆன்லைன்காரன் இந்தச் சரக்கைத் தள்ளுபடியில் விற்க முடியாது, ஏனென்றால் அவனிடம் இருக்காது.

தேவகோட்டை பகடை:

எழுத நான் வருகிறேன் அண்ணே. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையே கட்டம் போட்ட மேப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கல்லுக்கட்டிக் கடைக்காரன்:

வாங்க தம்பி. அச்சுக்கு முதலில் நூறு பிரதிதான் போடுவேன், விலை ஐம்பதைத் தாண்டக் கூடாது. கைடு சீசன் ஜூன், ஜூலையில் முடியட்டும், அதுவரை அப்பாவிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. 2014 மூலப் புத்தகம் இரண்டு செட் தள்ளுபடியில் இருக்கிறது. டிஎம் ஆகப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஜெராக்ஸ் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் இன்னும் குறைத்துத் தருகிறேன்.