வேக ஓட்டத்துக்கு இலேசான சப்பாத்து: நகம் கறுக்குது, குதி எழும்புது. அரை சைஸ் கூட்டலாமா?

மரைன்டிரைவ்_விடியல்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாளாந்த ஓட்டத்துக்குப் போடுற சப்பாத்து யுகே 8. அதில ஒரு கரைச்சலும் இல்லை. டெம்போவுக்கும் (விடாமல் ஒரே வேகத்தில ஓடுறது) இன்டர்வலுக்கும் (வேகமா ஓடி, இடையில ஆறி, திரும்ப ஓடுறது) எண்டு வேற கம்பனியின்ர இலேசான சப்பாத்து, அதுவும் யுகே 8தான் எடுத்தனான். 220 கிராம் அளவு வரும், உள்ளுக்கு நைலோன் தகடு இருக்கு. மெதுவா ஓடேக்க நல்லா இருக்கு. வேகம் கூட்டினா பெருவிரல் நகம் முன்னால இடிச்சுக் கறுக்குது, குதி பின்னால எழும்புது. எழும்பாமல் லேஸை இறுக்கினா காலின்ர மேற்பக்கம் விறைக்குது. அரை சைஸ் கூட்டி எடுக்கவா, இல்லாட்டி இந்த வகையே என்ர காலுக்குச் சரிவராதா? ஓடுறது வெள்ளவத்தை மரைன் டிரைவிலயும் சுகததாச விளையாட்டரங்கு ட்ராக்கிலயும்.

நடுப்பாதம்:
தம்பி, கடைக்குப் போக முதல் இடம் போதாமல் இருக்கா, பிடி போதாமல் இருக்கா எண்டு பிரிச்சுப் பாருங்கோ. நகம் கறுக்கிறது சப்பாத்து கட்டையா இருந்தாலும் வரும். நீளம் சரியா இருந்தும் நடுப்பாதம் பிடிபடாமல் முழுக் காலும் முன்னுக்கு வழுக்கினாலும் வரும். இரண்டாவது காரணம் எண்டால் அரை சைஸ் கூட்டுறது வழுக்குற தூரத்தைத்தான் கூட்டும், குதியும் இன்னும் எழும்பும்.

இன்சோலை (சப்பாத்துக்குள்ள கால் படுற மெத்தை) வெளியில எடுத்துத் தரையில வையுங்கோ. ஓடேக்க போடுற அதே சொக்ஸோட, பின்னேரத்தில, குதியைப் பின் விளிம்போட சேர்த்து அதுக்கு மேல ஏறி நில்லுங்கோ. பின்னேரம் எண்டு சொல்லுறதுக்குக் காரணம், அந்த நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கொழும்பு வெக்கையில வேகமா ஓடேக்கயும் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால 10 மில்லிமீற்றர் அளவு மிஞ்ச வேணும். கன பேருக்கு நீளம் பெருவிரல் இல்லை, இரண்டாவது விரல், அதையும் கவனியுங்கோ. சின்ன விரல் பக்கம் கால் விளிம்பைத் தாண்டி வழிஞ்சா அகலமும் போதாது. அதுக்கு 2ஈ எண்டு போட்டிருக்கிற அகலச் சப்பாத்துத்தான் மருந்து. சில இலேசான சப்பாத்துகளில இன்சோல் ஒட்டியிருக்கும், அதைப் பிய்க்க வேண்டாம்.

இனி லேஸ். இந்த வகையில லேஸுக்குக் கீழ இருக்கிற நாக்கு மெல்லிசு, பஞ்சு இல்லை, அதால லேஸ் நேரா நரம்பில அழுத்தும். விறைக்கிற இடத்துக்கு நேர இருக்கிற ஓட்டையில மட்டும் லேஸைக் குறுக்கால விடாமல், அந்தந்தப் பக்கமாவே மேல் ஓட்டைக்கு ஏத்துங்கோ. அழுத்தம் போயிடும், மற்ற இடமெல்லாம் பிடி அப்படியே இருக்கும். குதிக்கு, கணுக்காலோட சேர்ந்து மேல தனியா இருக்கிற கடைசி ஓட்டை. லேஸை அதே பக்கத்தில வெளியில இருந்து உள்ளுக்கு விட்டுச் சின்ன வளையம் வையுங்கோ. மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள்ளால எடுத்து, கீழ் நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கோ. கீழ்ப்பக்கம் விரல் விரிய இளக்கமா, நடுவில இறுக்கமா, மேல இந்தப் பூட்டு. மேல் முடிச்சை மட்டும் பிடிச்சு இறுக்குறதுதான் கன பேர் செய்யுற பிழை.

கெண்டைக்கால்:
யுகே 8 எண்ட இலக்கத்தை நம்பாதீங்க. நாக்கின் உட்பக்க லேபிளில் சென்ரிமீற்றர் போட்டிருக்கும், ரெண்டு சப்பாத்திலயும் அதைப் பாருங்க. ஆண்களுக்கான அளவில் நைக்கியின் யுகே 8 27 சென்ரிமீற்றர், அடிடாஸின் யுகே 8 26.5. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிக்கிறவங்க இதில்தான் அடிக்கடி மாட்டுறாங்க. யுஎஸ் அளவு கேட்டாலும் சிக்கல்தான். அந்த 27, 26.5 ரெண்டும் முறையே யுஎஸ் 9, யுஎஸ் 8.5.

ஆறாவது_லேன்:
குதி எழும்புறதில் தகட்டுக்கும் பங்கு இருக்கு. சாதாரண சப்பாத்து விரல் மடியிற இடத்தில் தானும் மடியும். தகடு போட்டது மடியாது. வேகமா உந்தும்போது உங்க குதி மேல வரும், சப்பாத்தோட பின்பக்கம் அந்த அளவு கூட வராது. கொஞ்சம் அசைவு இருந்தா பரவாயில்லை. குதியில் தோல் உரிஞ்சா அல்லது விரலால் சப்பாத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடுறது போல தெரிஞ்சா அந்த மொடல் உங்களுக்கு இல்லை.

ட்ராக்கில் வளைவு முழுக்க இடப்பக்கம் திரும்புறோம், கால் சப்பாத்துக்குள்ள வலப்பக்கம் தள்ளுப்படும். வலது சின்ன விரல் ஓரம் மட்டும் கொப்புளம் வந்தா காரணம் அதுதான். அகலம் சரியா எண்டு அந்த இடத்தில் பாருங்க.

பருத்திச் சொக்ஸ் போட வேண்டாம். வியர்வையைக் குடிச்சுத் தோலோட ஒட்டி உராயும், மெல்லிய நைலோன் கலந்தது நல்லம். மழையில் நனைஞ்சா இன்சோலைக் கழட்டி, உள்ளுக்குப் பத்திரிகைத் தாள் அடைச்சு, நிழலில் காயவிடுங்க. வெயிலிலயும் பூட்டின காருக்குள்ளயும் வச்சா பசை இளகும், நுரை சுருங்கும்.

மரைன்டிரைவ்_விடியல்:
பார்த்தனான். பழசில 27, புதுசில 26.5. இன்சோலில நிண்டா முன்னால 6 மில்லிமீற்றர்தான் மிஞ்சுது. சின்ன விரல் விளிம்பில நிக்குது, வழியேல்லை.

நடுப்பாதம்:
அப்ப கட்டைதான், பயப்படாமல் அந்த மொடலில 8.5 எடுங்கோ. அகலமும் அதோட துளி கூடும், 2ஈ தேவைப்படாது. குதியைப் பிடிக்க அந்த வளையப் பூட்டு கட்டாயம் போடுங்கோ. கடையில நிண்டு பார்த்தா போதாது. படியில இறங்கிப் பாருங்கோ, விரல் முன்னால தொட்டா அது வேண்டாம். பிறகு சப்பாத்தில குதிப் பக்கம் முன்பக்கத்தை விட எவ்வளவு உயரம் எண்டும் கேளுங்கோ. நாளாந்தச் சப்பாத்து 10 மில்லிமீற்றராவும் இது 8க்குக் கீழயும் இருந்தால் கெண்டைக்கால் தசையில பாரம் கூடும். முதல் ரெண்டு கிழமை 15, 20 நிமிட ஓட்டத்துக்கு மட்டும் போட்டு, பிறகு இன்டர்வலுக்குக் கொண்டு போங்கோ. கறுத்த நகத்தை வெட்டிப் பிடுங்க வேண்டாம், தானா வளர்ந்து விழும். நோவு கூடினால் அல்லது சீழ் கட்டினால் டொக்டரிட்டக் காட்டுங்கோ.