புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை

வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோன என் அம்மாவை (வயது 67) எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமுன் என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

பழைய எக்ஸ்ரே படுத்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதால், நின்றபடி மீண்டும் எடுக்கச் சொன்னார்கள். உடல் எடை மூட்டின்மேல் இறங்கும்போதுதான் எஞ்சியுள்ள இடைவெளி உண்மையாகத் தெரியும் என்பது, மருத்துவர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது: ஒன்றில் மெல்லிய கோடாவது இருந்தது, மற்றதில் எலும்போடு எலும்பு உட்கார்ந்திருந்தது.

மருந்துச் சீட்டோடு மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுமாறு பலர் சொன்னது மிகவும் உதவியது. இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்ததிலிருந்து அம்மா உட்கொள்ளும் குளோபிடோகிரெல் மாத்திரை இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அதை நிறுத்தலாமா, எப்போது என்பதை இதய மருத்துவரே எழுதித் தர வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம் இருந்ததால், அது குறைந்த பிறகே அறுவை சிகிச்சைக்குத் தேதி தருவதாக எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார்.

சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தின் வழியே செயற்கை மூட்டைச் சென்றடையக்கூடும் என்பதால் பல் மருத்துவரையும் பார்த்தோம். பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அம்மா குந்தி உட்காராமல் இருக்க, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் அமைக்கத் திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.