கலைச்சொல் வேண்டும்: கட்டிக்குள் ‘ஹைப்பாக்சியா’

ம.:
வணக்கம். புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிக்கல் ஒரே சொல்லில்: ஹைப்பாக்சியா, அதாவது திசுவுக்கு ஆக்சிஜன் போதாமை. பத்தியின் சாரம்: இரத்த நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் திசுவுக்குள் ஊடுருவும். கட்டி அவசரமாகப் பெருகும்போது, குழாய்க்குத் தள்ளியிருக்கும் செல்களுக்கு அது எட்டுவதில்லை. பல சாகின்றன, தாக்குப்பிடித்தவற்றில் சில பிறகு நுரையீரலுக்கும் எலும்புக்கும் கிளம்புகின்றன. ‘ஆக்சிஜன் தட்டுப்பாடு’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அது 2021இன் சிலிண்டர் வரிசையைத்தான் நினைவூட்டுகிறது.

இரா.:
‘உயிர்வளிக்குறை’ போதுமே! மூலச்சொல்லுக்கு அஞ்ச வேண்டாம். ஆக்சிஜன் என்று லவாய்சியர் வைத்த பெயருக்குப் பொருளே ‘புளிப்பை ஆக்குவது’. எல்லா அமிலத்திலும் அது உண்டென்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இல்லை. ஜெர்மானியர் இன்றும் ‘புளிப்புப்பொருள்’ என்றே சொல்கிறார்கள். அந்தப் பிழையை நாமும் சுமப்பானேன்? ‘காடிவளி’ என்றுகூட ஒரு காலத்தில் யோசித்ததுண்டு…

சி.:
காடிவளியை விட்டுவிடுங்கோ ஐயா. எங்கட இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன், இழையம், கலம். உங்கட பக்கம் ஆக்சிஜன், திசு, செல். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ‘உயிர்வளி’ நிற்கும் என்பது சரி. ஆனால் ‘வளி’ சித்த மருத்துவம் படித்தவருக்கு வாதம். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று 941ஆம் குறள் வளியை முதலில் வைத்து எண்ணுவதும் அதைத்தான். ‘உயிர்’ விழுந்து வெறும் ‘வளிக்குறை’ ஆனால், வாதம் குறைந்தது என்று பொருளாகிவிடும்.

டாக்டர் ப.:
சொல் எதுவானாலும் மூன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும்: இரத்தத்தில் குறைவு, திசுவில் குறைவு, அறவே இன்மை. விரலில் மாட்டும் கருவி இரத்த ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டும் நோயாளிக்கே கட்டியின் நடுவில் ஆக்சிஜன் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருக்கலாம். வெறும் ‘உயிர்வளிக்குறை’ என்றால் மாணவி மூக்கில் குழாய் வைக்க ஓடுவாள். அது கட்டியின் நடுவுக்குப் பெரிதாக எட்டாது. அங்கே நாளங்களே கோணலும் கசிவுமாக இருக்கின்றன.

அடுத்த பக்கத்தில் ‘குறைவால் தூண்டப்படும் காரணி’ என்று இருக்கிறது. மூலப் பெயரின் நேர் பெயர்ப்புதான், ஆனால் வழி தவறச் செய்யும். அந்தக் காரணியின் (சுருக்கமாக ஹிஃப்) ஒரு பகுதியான ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தைச் செல் எப்போதும் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் அதன் புரோலின் என்ற அமினோ அமிலங்களில் ஹைட்ராக்சில் ஏறும். அந்த அடையாளத்தை வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் பிடித்துக்கொள்ள, சில நிமிடங்களில் ஹிஃப் சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் இந்தச் சிதைப்பு நிற்கிறது, அவ்வளவே. 2019 நோபல் பரிசு இதற்குத்தான். தப்பிய புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது: புது நாளம் முளைக்கிறது, செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் குறைந்து செல்களின் பிடி தளர்கிறது, லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி கொலாஜன் நார்களைப் பிணைத்து விறைப்பாக்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்து பரவலுக்குப் பாதை போடுகின்றன. கதிர் சிகிச்சையையும் ஒரு வரி சேருங்கள்: ஆக்சிஜன் அற்ற செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும்.

இரா.:
அப்படியானால் ‘குறைவளி’! வினைத்தொகை: குறைந்த வளி, குறைகின்ற வளி, குறையும் வளி. டாக்டர் சொல்லாமல் விட்டதும் இதில் அடங்கும். கட்டி நாளங்கள் சில நேரம் அடைத்துப் பின் திறப்பதால் அளவு ஏறி இறங்கும். காலம் காட்டாத தொகைதான் அதற்குப் பொருந்தும்.

சி.:
இலக்கணம் அழகு. வாசிக்கிறவருக்கு மலையுச்சியின் மெல்லிய காற்றல்லவோ நினைவு வரும்?

ம.:
வியாழன் இரவாகிவிட்டது. ‘திசு உயிர்வளிக்குறை’ என்று போடுகிறேன். முதல் முறை மட்டும் பக்கத்தில் ‘ஹைப்பாக்சியா’. இரத்தத்துக்கு ‘இரத்த உயிர்வளிக்குறை’, அறவே இல்லாததற்கு ‘உயிர்வளியின்மை’. காரணிக்கு ஹிஃப் என்றே விட்டு, விளக்கத்தை டாக்டர் வரியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நான்கில் மூவர் சரி என்கிறீர்கள்.

இரா.:
நான் ஒப்பவில்லை என்று பதிவு செய்யுங்கள். ‘திசு’ என்ன தமிழ்?

டாக்டர் ப.:
அதை விடுங்கள். 7ஆம் பக்கத்தில் நெக்ரோசிஸுக்கு, அதாவது செல்கள் சேதமுற்றுச் சாவதற்கு, ‘அழுகல்’ என்றிருக்கிறது. அழுகல் கிருமியின் வேலை. கட்டியின் நடுவில் செல் சாவதற்குக் கிருமி தேவையில்லை. அதற்கு என்ன போடப் போகிறீர்கள்?