அப்பத்தாவின் பெட்டியில் இருந்த எலும்புப் பொருட்கள்: அறிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். திருப்புவனம் அருகே எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளுக்கு முன் மண் வெட்டியபோது கிடைத்ததாகச் சொல்லி எங்கள் அப்பத்தா மரப்பெட்டியில் காத்துவந்த 3 சிறு பொருட்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒன்று விரல் நீளத்தில், ஒரு முனை கூராகத் தேய்ந்து வழவழப்பான எலும்புத் துண்டு. கீழடி அருங்காட்சியகத்தில் நெசவோடு தொடர்புபடுத்திக் காட்டப்படும் எலும்பு முனைகளை அது அப்படியே நினைவூட்டுகிறது. மற்றொன்று துளையிட்ட வளைந்த பல், பெரும்பாலும் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லாக இருக்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூன்றாவது பொருள்தான். தாயக்கட்டையைப் போல நீண்டு, நான்கு பக்கமும் வட்டத்துக்குள் புள்ளி இட்ட பகடை அது. தாயத்துக்கு இரண்டு கட்டை வேண்டுமே, இதன் இணை எங்கே போயிற்றோ என்ற ஏக்கம் விடவில்லை. யானைத் தந்தமென்றால் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும், எலும்பென்றால் நுண்துளைகள் தெரியும் என்று அறிவேன். ஆனால் தேய்ந்த முனையில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னவரிடம் மறுத்துவிட்டேன், அந்த வடு ஒருபோதும் ஆறாது. ஊறிக் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் தண்ணீரிலும் கழுவவில்லை.

விலங்கு எலும்புகளை ஆய்வு செய்த அனுபவமுள்ளவர்கள், சேதமின்றி அடையாளம் காணும் வழியைத் தயவுசெய்து கூறுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க விரும்புகிறேன். மனுவுடன் எவற்றை இணைக்க வேண்டும், அதுவரை எதில் பொதிந்து வைக்கலாம்? இவை விற்பனைக்கு அல்ல.