முழு வேகத்தில் படகு இடவலமாக ஆடுகிறது

கேள்வி: 16 அடி வி-அடிப்பகுதிப் படகு, 90 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார்). ட்ரிம்மை (மோட்டாரின் சாய்வுக் கோணத்தை) ஏற்றி முழு வேகம் பிடித்தால் பக்கவாட்டில் ஆட்டம். ட்ரிம்மை இறக்கினால் ஆட்டம் நிற்கிறது, வேகமும் போய்விடுகிறது. ப்ரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா?

பதில் 1: முதலில் ஸ்டீயரிங். படகை நிறுத்திவிட்டு மோட்டாரைக் கையால் இடவலமாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் லொடலொடப்பு இருந்தாலே இந்த ஆட்டம் வரும். அதை விட்டுவிட்டு ப்ரொப்பெல்லருக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பதில் 2: மூக்கு மேலும் கீழும் குதிக்கிறதா? அது வேறு நோய். பேட்டரியை முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

கேட்டவர்: குதிப்பு இல்லை. லொடலொடப்பு இருக்கிறது, ஸ்டீயரிங் கேபிள் பழசு.

பதில் 1: சரி, கேபிளை மாற்றுங்கள். மோட்டாரை இன்னும் உயரத்தில் மாட்டிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்; உயர்த்தினால் மோட்டாரைக் குளிர்விக்கும் நீரின் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறு) உடம்பில் இல்லாமல் சோதனை ஓட்டமே வேண்டாம்.