நைமேகன் நான்கு நாள் நடை: நடந்தவர்கள் எழுதலாம்

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மலேசியாவில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த எனக்கு, நடந்ததற்காக ஒருவருக்குப் பதக்கம் தரும் வழக்கம் உண்டு என்பது, நெதர்லாந்தில் வேலை செய்யும் என் மகள் வற்புறுத்தி அந்நாட்டு நகரான நைமேகனுக்கு அழைத்துச் சென்ற பிறகுதான் தெரிந்தது. ஜூலையில் செவ்வாய் முதல் வெள்ளி வரை நடக்க வேண்டும். ஒரு நாளுக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். என் வயதுக்கு 30. முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற பேச்சே கிடையாது. குறித்த நேரத்துக்குள் நான்கு நாளும் முடித்தவர்கள் சிலுவை வடிவப் பதக்கம் பெறுகிறார்கள்.

1909இல் தொடங்கியபோது இது ஏறக்குறைய படைவீரர்களின் பயிற்சியாகவே இருந்தது. நடந்த 306 பேரில் 10 பேர் மட்டுமே பொதுமக்கள். வெவ்வேறு படைமுகாம் நகரங்களிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த நடை 1925 முதல் நைமேகனில் நிலைபெற்றது. ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் நடந்த 1928இல் வெளிநாட்டவரும் சேர்ந்தனர். இப்போது 40,000க்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அவர்களுக்கிடையே குறைந்தது 10 கிலோ சுமையோடு படையினரும் நடக்கிறார்கள். அந்தச் சுமையைப் பார்த்ததும், இரண்டு வாளி ரப்பர் பாலைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்த என் அம்மா நினைவுக்கு வந்தார். அவர் நடந்த தூரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை என் இடது குதிகாலில் ஐம்பது சென் காசு அளவுக்குக் கொப்புளம் எழுந்திருந்தது. முதலுதவிக் கூடாரத்திலிருந்த இளம்பெண் அதை ஊசியால் மெல்லக் குத்தி, நீரை வடியவிட்டு, சுருக்கம் விழாமல் பட்டையொட்டி அனுப்பினாள். மூன்றாம் நாள் பாதை, குரோஸ்பேக் அருகே ஏழு குன்றுச் சாலையில் ஏறி இறங்குகிறது. அங்கே இரண்டாம் உலகப் போரில் இறந்த 2,300க்கும் மேற்பட்ட கனடிய வீரர்கள் புதைக்கப்பட்ட போர்க் கல்லறை இருக்கிறது. கனடியப் படையினர் நடையை நிறுத்தி அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். அதே போரில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்ட என் தாத்தாவுக்கு ஒரு கல்லும் கிடையாது. நானும் சிறிது நேரம் அங்கே நின்றேன்.

தாப்பா, தோட்ட மருத்துவமனை முன்னாள் டிரெசர் (மருத்துவ உதவியாளர்):

ஐயா, கொப்புளத்தை விட வெயிலுக்குத்தான் நான் அஞ்சுவேன். 2006இல் அதே நைமேகனில் முதல் நாள் வெப்பத்தில் நடந்தவர்களில் இருவர் இறந்ததால், மீதி மூன்று நாள் நடையை ரத்து செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் நான் கலந்துகொண்ட ஒரு நடையில், பத்தாவது கிலோமீட்டரிலேயே தண்ணீர் தீர்ந்துபோனது. ஏற்பாட்டாளர்களோ பரிசுக் கோப்பைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து ஒரு குழாயைத் தேடிப்பிடித்துத்தான் குடித்தோம். நீங்கள் நடந்த வழியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வழியெங்கும் வீட்டுக்காரர்களே குழாயை நீட்டி நின்றார்கள், டிரெசர் ஐயா. பிள்ளைகள் வெள்ளரித் துண்டுகளைத் தட்டில் ஏந்தி ஓடிவந்தார்கள். கடைசி நாள் நகருக்குள் நுழையும் சாலையில் கிளாடியோலஸ் பூங்கொத்து கொடுப்பது அவர்கள் மரபு. எனக்கு முன்பின் தெரியாத ஒரு கிழவி ஆரஞ்சு நிறத்தில் நீளமான ஒரு தண்டைத் தந்தார். கூட்டத்தில் அது ஒடிந்துவிடாமல் இருக்க, குடையைப் பிடிப்பது போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே மீதித் தூரத்தை நடந்து முடித்தேன்.